ஒரே வானம், இரண்டு விலை

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! ஆண்டுப் பலன் கூறும் பக்கத்திலே நவநாயகர் பட்டியல் ஒன்று இருக்கும். ராஜா இன்ன கோள், மந்திரி இன்ன கோள், சேனாதிபதி இன்ன கோள், மேகாதிபதி இன்ன கோள் என்று வானத்திலே ஓர் அமைச்சரவை அமைத்திருப்பார்கள். அந்த அமைச்சரவையில் அர்க்காதிபதி என்று ஒருவர் உண்டு. விலைக்கு அதிபதி அவர். அவருக்கு எவரும் வாக்களித்ததில்லை. அவரை எவரும் இறக்கவும் முடியாது. அரிசி விலை ஏறுவதும் உப்பு விலை இறங்குவதும் அவர் பார்வையின் பலன் என்று நம்பிவிட்டால், பட்டினி கிடப்பவன் யாரைக் கேள்வி கேட்பது? வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

இந்த அர்க்காதிபதியை விசாரிக்கத் தக்க இடம் ஒன்று தமிழ்நாட்டின் தென்மேற்கு மூலையிலே இருக்கிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை ஐந்து மைல் தொலைவு. இரண்டுக்கும் தெற்கே, மலையடிவாரத்தில் குற்றாலம். ஆனி, ஆடியில் மேற்குக் கணவாய் வழியாகப் புகும் காற்று மூன்று ஊர்களையும் ஒன்றாகவே நனைக்கிறது. குற்றாலத்துச் சாரல் தென்காசிக்கு ஒரு கணக்கு, செங்கோட்டைக்கு ஒரு கணக்கு என்று பெய்வதில்லை. பேசும் மொழி ஒன்று. உண்ணும் சோறு ஒன்று. கொள்வினை கொடுப்பினையும் உண்டு. சனியும் குருவும் இந்த ஐந்து மைலுக்குள் முகத்தை மாற்றிக்கொள்ள இயலாது. எனினும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இந்த ஐந்து மைலுக்குள் இரண்டு நாணயம், இரண்டு அளவை, இரண்டு வரி, இரண்டு விலை. எந்தக் கோள், எந்தச் சாவடியில் நின்று, விலையை மாற்றி எழுதிற்று?

தென்காசி பாண்டியர் ஊர். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பிற்காலப் பாண்டியர் அங்கிருந்து ஆண்டனர். பராக்கிரம பாண்டியன் 1446-ல் அங்கே விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினான். காசிக்குப் போகக் கைப்பொருள் இல்லாதாருக்குக் காசியையே தெற்கே கொண்டுவந்த மன்னன் என்று பக்தர்கள் பெருமை பேசுவர். பயணச் செலவு மிச்சந்தான். கோபுரத்துக்கான செலவு எவருடைய வயலிலிருந்து வந்தது என்பதை அவர்கள் கேட்பதில்லை. அது வேறு கதை. நாயக்கர், நவாபு, பாளையக்காரர் என்று கைமாறி, 1801-ல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கும்பெனியின் நேர் ஆட்சிக்குள் வந்தபோது தென்காசியும் அதனுள் அடங்கிற்று.

செங்கோட்டையின் கதை வேறு. 18-ஆம் நூற்றாண்டில் அது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. நாட்டுக்கு எல்லை மலை என்றால், எல்லைக்கோடு மலை முகட்டில் ஓட வேண்டும். இங்கே அது மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கி, நெல்வயலின் நடுவே வந்து நின்றது. தமிழ் பேசும் ஊர்; தாமிரவருணிப் படுகையைச் சேர்ந்த வயல்; அதிகாரமோ திருவனந்தபுரத்தில். மலைக்கு மேற்கே ஆண்ட அரசு கிழக்கே நெல் விளையும் மண்ணை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டது என்பதற்கு விடையைப் பின்னால் காண்போம்.

முதலில் நாணயத்தைப் பாருங்கள். செங்கோட்டைச் சந்தையில் காசு, சக்கரம், பணம். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஐந்து மைல் கிழக்கே வந்தால் அணாவும் பைசாவும் கொண்ட ஆங்கில ரூபாய். அந்த ஆங்கில ரூபாய்க்கு 28½ சக்கரம். அரைச் சக்கரந்தானே என்று எண்ணாதீர்கள். நாற்று நட்டுச் சக்கரத்தில் கூலி வாங்கும் பெண், தென்காசிக் கடையில் எண்ணெய் வாங்கப் போகும்போது அந்த அரைச் சக்கரத்தின் பின்னம் அவளுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கும் என்று நம்புவதற்கு நாணயமாற்றுக்காரன் இடங்கொடுத்திருப்பானா? அளவைக் குழப்பமும் கூடவே இருந்தது. மேற்கே பறையும் இடங்கழியும்; கிழக்கே கோட்டையும் மரக்காலும் படியும். ஒரு படி அரிசி என்ன விலை என்ற எளிய கேள்விக்கு விடை கூற இரண்டு பெருக்கல், ஒரு வகுத்தல் வேண்டும். கணக்குத் தெரிந்தவன் பிழைத்தான். கணக்குப் படிக்கவிடாமல் தடுக்கப்பட்டவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டான்.

அடுத்து வரி. திருவிதாங்கூர் அரசு வணிகத்தையே தன் தனியுரிமையாக வைத்திருந்த அரசு. மிளகு விளைவித்தவன் அதைச் சர்க்காருக்கே, சர்க்கார் சொன்ன விலைக்கே, கொடுக்க வேண்டும். புகையிலை வேண்டுவோர் சர்க்காரிடமிருந்தே, சர்க்கார் சொன்ன விலைக்கே, வாங்க வேண்டும். விற்கும்போதும் அவன் விலை, வாங்கும்போதும் அவன் விலை! யாழ்ப்பாணத்துப் புகையிலையும் கோவை, திருநெல்வேலிப் புகையிலையும் எல்லைக்கு இப்பால் வணிகர் கடையில் மலிவாகக் கிடக்க, எல்லைக்கு அப்பால் அது அரண்மனைப் பண்டமாய் விலை உயர்ந்து நின்றது. விளைவு யாது? மலைவாயில்களிலே சவுக்கைகள், சவுக்கைகளிலே காவலர், காவலரின் கண்ணுக்குத் தப்பிக் காட்டுத்தடத்தில் இரவோடிரவாகப் புகையிலைச் சிப்பம் சுமந்து செல்லும் ஏழைகள். கடத்தல்காரன் பிறவியிலேயே கடத்தல்காரனாகப் பிறப்பதில்லை. ஒரே பண்டத்துக்கு ஐந்து மைலுக்குள் இரண்டு விலை வைத்த ஆணைதான் அவனைப் பெற்றெடுத்த தாய்.

மிளகுத் தனியுரிமை 1860-லும், புகையிலைத் தனியுரிமை 1863-லும் நீங்கின. அப்போது திவானாக இருந்தவர் தஞ்சைத் தரணியிலிருந்து போன மாதவராவ். புகையிலையை வணிகர் கைக்கு விட்டார். ஆனால் எல்லையிலே இறக்குமதி வரி மட்டும் நின்றது. 1865-ல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கும் ஆங்கில இந்தியாவுக்கும் வணிக உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. எல்லை கடக்கும் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கம் இல்லை என்றார்கள். வணிகர் மகிழ்ந்தனர், வரலாற்று நூல்கள் இன்றும் புகழ்கின்றன. ஆனால் அந்த உடன்படிக்கையின் இன்னொரு கையைக் கவனியுங்கள். திருவிதாங்கூரில் உப்பு இனி ஆங்கில இந்தியாவின் விலைக்கே விற்கப்பட வேண்டும் என்பதும் அதில் அடங்கிற்று. மூட்டை மூட்டையாகச் சரக்கு அனுப்புவோனுக்குச் சுங்கம் நீங்கிற்று. கால்படி உப்பு வாங்குவோனுக்கு ஆங்கிலேயனின் உப்புவரி வந்து சேர்ந்தது. தடையற்ற வாணிபம் என்ற அழகிய பெயருக்குப் பின்னே யாருடைய சுமை இறங்கிற்று, யாருடைய தலைக்கு மாறிற்று என்று பார்க்காமல் கைதட்டுவது அறிவுடைமை ஆகாது.

வாழ்க்கைச் செலவு என்றவுடன் நாம் அரிசி, பருப்பு, வாடகை என்று எண்ணுகிறோம். பழைய திருவிதாங்கூரில் அதற்கு முன்னால் ஒரு செலவு இருந்தது: பிறந்த சாதிக்கான செலவு. நாடார், ஈழவர் முதலிய மக்கள் தலைவரி கட்டினர். தலை இருப்பதற்கே வரி! ஓட்டு வீடு கட்டவும், பொன் நகை அணியவும் அதிகாரத்தின் அனுமதியை விலைகொடுத்துப் பெற வேண்டியிருந்தது. மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பட்ட அடியும், 1859-ல் வந்த ஆணையும் நம் இளைஞர் அறிந்தவை. கூலி இல்லாத ஊழியம் வேறு. அடிமை முறையே 1855-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், ஒரு சாராருக்கு வாழ்க்கைச் செலவு ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம். ஊட்டுப்புரை என்று நாடெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுச் சாலைகள். பார்ப்பனருக்கு அங்கே அரசாங்கச் செலவில் சோறு. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பத்மநாபசுவாமி கோயிலில் முறைஜபம். 56 நாள் விருந்து. மலைக்குக் கிழக்கேயிருந்தும் வேதம் ஓதுவோர் திரண்டு செல்வர். தலைவரி கட்டியவனின் சக்கரமும், உப்புக்கு விலை கொடுத்தவனின் சக்கரமும், புகையிலை வாங்கியவனின் சக்கரமும் அந்த இலையிலே நெய்யாக ஒழுகின. இது வசை அன்று, கணக்கு. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், நடுவிலே சாதி.

கிழக்கே நிலைமை மேல் என்று தென்காசிக்காரர் மார்தட்ட வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலும் அன்ன சத்திரங்களிலே அகத்துக்கு ஒரு பந்தி, புறத்துக்கு ஒரு பந்தி. பொதுமக்கள் பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலே, நாட்டு விடுதலைக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கிறோம் என்று சொன்ன இடத்திலே, 1920-களில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற செய்தி வெளியாகி நாடு கொதித்தது. கொடுத்த பணம் ஒன்று. கிடைத்த சோறு இரண்டு.

குற்றாலத்துக்கு வருவோம். அருவிக்கு விலை இல்லை. ஆனால் அருவியின் பக்கத்திலே தங்குவதற்கு எக்காலத்தும் விலை உண்டு. வெள்ளைத் துரைமார் பாளையங்கோட்டை வெயிலுக்குத் தப்பி அங்கே பங்களா கட்டினர். திருவிதாங்கூர் அரசரும் அங்கே அரண்மனை கட்டினார். மாநிலம் பிரிந்த பின் அது கேரள அரசின் உடைமை ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே கிழக்கிந்தியக் கும்பெனி அந்தச் சரிவுகளில் சாதிக்காயும் கிராம்பும் இலவங்கமும் நட்டுப் பார்த்தது. அழகுக்காக அன்று. மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்த சாதிக்காய்க்கும் கிராம்புக்கும் டச்சுக்காரன் வைத்ததே விலை என்றிருந்ததை உடைப்பதற்காக. பிறன் தனியுரிமை கசக்கும். தன் தனியுரிமை இனிக்கும்.

இதே கும்பெனியின் பெயர் அமெரிக்க வரலாற்றிலும் வருகிறது. 1773 டிசம்பர் 16 இரவு, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துத் தலைநகரான பாஸ்டன் துறைமுகத்திலே, 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் அல்லவா? அந்தத் தேயிலை கும்பெனியின் தேயிலை. விலை உயர்ந்ததனால் கொட்டினார்கள் என்றே பலர் எண்ணுகிறார்கள். அன்று! அந்த ஆண்டு வந்த சட்டத்தால் கும்பெனித் தேயிலை முன்னைவிட மலிந்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மலிந்த தேயிலையைத்தான் கொட்டினார்கள். எங்கள் வீட்டில் குடிக்கும் தேயிலைக்கு விலையும் வரியும் வைக்க, எங்கள் வாக்கைப் பெறாத நீ யார் என்பதே அவர்கள் கேள்வி. விலை கூடுதலா குறைவா என்பதற்கு முன்னால் எழ வேண்டிய கேள்வி அதுதான். நம் நாட்டிலே அந்தக் கேள்வியைக் கேட்காமல் அர்க்காதிபதியின் பலனைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாசச்சூசெட்ஸ் இன்று அமெரிக்காவில் வாழ்க்கைச் செலவு மிகுந்த மாநிலங்களுள் ஒன்று. வீட்டு வாடகை விழி பிதுங்க வைக்கும். வடக்கே ஒட்டினாற்போல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். இங்கே கடையில் வாங்கும் பொருளுக்கு நூற்றுக்கு 6.25 விற்பனை வரி. அங்கே விற்பனை வரியே இல்லை. ஆகவே பாஸ்டன்காரர் காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய்ச் சாமான் வாங்குகிறார். அவர் வருகைக்கென்றே நெடுஞ்சாலை ஓரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் அரசு மதுக்கடை திறந்து வைத்திருக்கிறது. கூலியோ எதிர்த்திசையில். மாசச்சூசெட்ஸில் குறைந்த அளவுக் கூலி 2023-ல் மணிக்கு 15 டாலர் ஆயிற்று. நியூ ஹாம்ப்ஷயரோ மத்திய அரசு 2009-ல் வைத்த 7.25 டாலரோடு நின்றுவிட்டது. ஆகவே வடக்கேயிருந்து உழைப்பாளி தெற்கே வேலைக்கு வருகிறார். பண்டம் வாங்க ஒரு திசை, பாடுபட ஒரு திசை. பெயர்களை மாற்றிவிட்டால் இது செங்கோட்டைக் கதையே.

செங்கோட்டைக் கணவாயிலே 1904-ல் இரயில் ஓடத் தொடங்கிற்று. திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து, ஆரியங்காவு, புனலூர் கடந்து கொல்லம் வரை இருப்புப் பாதை. பதின்மூன்று கண் பாலமும் சுரங்கங்களும் பொறியியல் அற்புதம் என்பதில் ஐயமில்லை. அவற்றைக் கட்டியவன் தேவன் அல்லன், கூலியாள். அதுவரை மாட்டுவண்டி ஏறிய அளவுதான் அரிசி மலை ஏறிற்று. இனி வண்டி வண்டியாக ஏறலாம். திருவிதாங்கூரிலே தென்னையும் மிளகும், பின்னர் தேயிலையும் ரப்பரும் பெருகப் பெருக, சோற்றுக்கு நெல் விளைவிக்கும் நிலம் தேவைக்கு எட்டாதாயிற்று. தன் தேவையில் பாதிக்கும் குறைவாகவே அந்நாடு விளைவித்தது. பணப்பயிர் பணத்தைத் தந்தது. பணத்தை மெல்ல முடியாதே! ஆகவே பர்மா அரிசி கடல்வழி வந்தது. நாஞ்சில் நாட்டு நெல்லும் செங்கோட்டை நெல்லும் உள்வழி வந்தன. மலைக்குக் கிழக்கே இறங்கிய அந்த எல்லைக்கோட்டைத் திருவனந்தபுரம் ஏன் இறுகப் பிடித்திருந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

1942-ல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தனர். பர்மா அரிசி நின்றது. சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் புகுந்தது. சேர்த்தலைப் பகுதியில் கயிறு திரித்துப் பிழைத்த மக்கள் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர். பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாக மரச்சீனிக் கிழங்கைத் தின்றார்கள். அந்தக் கிழங்கைப் பரப்பியதற்காக விசாகம் திருநாள் மன்னரை நன்றியோடு நினைப்போர் உண்டு; நானும் மறுக்கவில்லை. ஆனால் மன்னரின் கிழங்கு மக்களைக் காத்தது என்று எழுதும் கை, அந்த மக்களுக்கு நெல் இல்லாமற் போனது எப்படி என்பதையும் எழுத வேண்டும்.

கிழக்கேயும் பங்கீடு, கிழக்கேயும் தட்டுப்பாடு. எனினும் ஆரியங்காவுக்கு அப்பால் விலை இன்னும் மேலே நின்றதால், அரிசி மலை ஏறிற்று. மடியிலே இரண்டு படி, கடவத்தின் அடியிலே மூன்று படி என்று சுமந்தவர்கள் ஏழைகள், பிடிபட்டவர்களும் அவர்களே. மூட்டைக் கணக்கிலே நடத்தியவன் பெட்டியடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1952 சூன் திங்களில் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அவரோடு எத்தனையோ கருத்தில் மாறுபட்டோர்கூட, கடைவாசலில் கால்கடுக்க நின்ற துன்பம் நீங்கியதை மறுக்கவில்லை. அவ்வாண்டுகளில் மழை கைகொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

எல்லைப் போராட்டம் மொழியால் எழுந்தது. அதன் அடியிலே நெல்லும் இருந்தது. தமிழர் வாழும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் மார்ஷல் நேசமணியும் போராடினர். 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கி வெடித்தது. தமிழர் உயிர் நீத்தனர். நெற்களஞ்சியத்தை இழக்க மறுப்போர் மேற்கே பலர் இருந்தனர் என்பதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் வந்தன; செங்கோட்டை வட்டத்திலும் மலைக்குக் கிழக்கேயுள்ள பகுதி வந்தது. ஆரியங்காவும் அச்சன்கோயிலும் மேற்கோடு நின்றன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்தப் புண் ஆறவில்லை.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே நின்ற கோடு அன்று அழிந்தது. இரண்டு விலை இருந்த இடத்தில் ஒரு விலை வந்தது. கவனியுங்கள், தோழர்களே! அந்தக் கோடு அழிந்தது எந்தக் கோளும் வீடு மாறியதால் அன்று. நாடாளுமன்றத்திலே ஒரு சட்டம் நிறைவேறிற்று, அவ்வளவே. கோடு மேற்கே நகர்ந்து புளியரையில் போய் நின்றது. சோதனைச் சாவடியும் அங்கே போயிற்று.

விலை வேறுபாடும் கூடவே போயிற்று. 1950-களின் பிற்பகுதியில் தென்மாநிலங்கள் நான்கும் ஒரே அரிசி மண்டலமாக இருந்தன. 1964-ல் அது உடைந்து, மாநிலத்துக்கு மாநிலம் வேலி போடப்பட்டது. கேரளத்தில் மீண்டும் பங்கீடு. தமிழகத்திலும் அரிசித் தட்டுப்பாடு. காங்கிரசு ஆட்சி 1967-ல் வீழ்ந்ததற்கு இந்தித் திணிப்பு ஒரு காரணம் என்றால், அரிசி விலை மற்றொரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி உறுதி என்று சொல்லி அண்ணா ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு மே 15-ல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தொடங்கிற்று. கருவூலம் அதற்கு மேல் தாங்கவில்லை; தென்காசிக்கு அது வந்து சேரவில்லை. வாக்குறுதியின் பெருமையைப் பேசுவோர் அதன் எல்லையையும் பேச வேண்டும். ஆனால் ஒன்று நிலைத்தது. அரிசிக்கு என்ன விலை என்பது ஆட்சியைக் கேட்க வேண்டிய கேள்வி என்று ஊர்ப்புறத்துப் பாட்டிக்கும் தெரிந்துவிட்டது. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 சூன் முதல் விலையில்லை என்று நியாயவிலைக் கடை அரிசி இறங்கிற்று.

அந்த அரிசிதான் இப்போது புளியரையில் பிடிபடுகிறது. இப்பால் விலையில்லாத அரிசிக்கு அப்பால் விலை உண்டு. பிடிபடுகிறவன் ஓட்டுநர், மூட்டைக்கு உடையவன் இன்றும் பெட்டியடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மலைக்கு அப்பால் விலை மட்டுமா கூடுதல்? இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி 2021-22-ல் ஊர்ப்புறக் கட்டட வேலையாளின் சராசரி நாட்கூலி கேரளத்தில் ரூ.837.70, தமிழ்நாட்டில் ரூ.478.60. வயல் வேலைக்கு அங்கே ரூ.726.80, இங்கே ரூ.445.60. ஒரு காலத்தில் தலைவரி கட்டிய மக்களின் பேரர்கள் அங்கே இந்தக் கூலியை எப்படிப் பெற்றார்கள்? சங்கம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போனார்கள். 1970 சனவரி முதல் நிலச்சீர்திருத்தம் செயலுக்கு வந்து குத்தகையாளனுக்கு நிலம் கிடைத்தது. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பணம் அனுப்பினர். உள்ளூரில் ஆள் குறைந்தது. தென்காசிப் பக்கத்து ஊர்களிலிருந்து கொத்தனாரும் சித்தாளும் மலையேறிப் போவது இந்த வேறுபாட்டைத் தேடித்தான். 2010-ல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மலை இரயில் 2018-ல்தான் திரும்ப ஓடிற்று. அந்த எட்டு ஆண்டும் அவர்கள் பேருந்துக்குக் கூடுதலாகக் கொடுத்ததையும் வாழ்க்கைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

தென்காசியில் விலைவாசி மலிவு, குடியிருக்க நல்ல ஊர் என்று ஓய்வூதியக்காரர் சொல்வதுண்டு. 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரான பின் மனை விலை ஏறிவிட்டதென்று அவரே குறைப்பட்டும் கொள்கிறார். காய்கறி மலிவுதான். காரணம், கத்தரியும் வெண்டையும் விளைவித்தவனுக்குக் கிடைத்தது குறைவு. பறித்த பெண்ணின் கூலி அதனினும் குறைவு. பாவூர்சத்திரம் சந்தையிலே விடியுமுன் மூட்டைகள் லாரி ஏறுகின்றன. புளியரை கடந்து புனலூர், கொல்லம் போய்ச் சேருகின்றன. வீடு கட்டக் கல்லும் மணலும்கூட அந்தச் சாலை வழியே மேற்கே போகின்றன. மலை தேய்கிறது என்று இங்குள்ளோர் மறியல் செய்கின்றனர். ஓணத்துக்கு முந்திய வாரம் அந்தச் சந்தையில் விலை ஏறும். அந்த ஒரு வாரம் வெண்டைக்காய் விளைவித்தவன் கையில் கொஞ்சம் காசு தங்கும். அதே வாரம் தென்காசித் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகிறவள் வெண்டைக்காய் வாங்காமல் வீடு திரும்புவாள். இருவரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர். சில வீடுகளில் கணவனும் மனைவியும்.